முந்நூறு மீட்டர்

கற்பூரம் அடித்துச் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில், எல்லையோரம் பாகூர்ப் பக்கம் காசம்மாள் மளிகைக்கடைக்கு எதிரே, வாய்க்காலுக்கு அக்கரையில், பட்டணத்து வியாபாரி மணவாளன் தன் ஐந்தாவது கடையைக் கட்டினார். பிழைப்பு போய்விடுமே என்று காசம்மாள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஒரு கடைக்கு முந்நூறு மீட்டருக்குள் இன்னொரு புதுக்கடை கூடாது என்று உத்தரவே வாங்கிவிட்டாள்.

அளக்க வந்த அதிகாரி வரைபடத்தை விரித்தார்.

"இன்னாம்மா இது! வாய்க்காலுக்கு இந்தாண்ட இங்கிலீஷ்காரன் மண்ணு. ஒங்கடைக்கு நம்ம உத்தரவு செல்லாது. புதுச்சேரி சரக்கை இங்க வித்தா கடத்தல்னு அவன் புடிச்சிப்பான். கடையை எடுத்துடு."

"அவ்ளோதானே சாமி? வாய்க்காலைத் தாண்டி அந்தாண்ட போட்டுக்கறேன்."

"அதெப்படி முடியும்? அங்க மணவாளன் கடை இருக்குதே. நீ வாங்குன உத்தரவுதாம்மா."