கறை படாத பல்

பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டார் சின்ன மாப்பிள்ளை. இடுப்பில் செருகியிருந்த ஆயுதத்தை உருவினார். யார் கண்ணிலாவது பட்டால் காரியம் கெட்டது.

ஆயுதம் வேறொன்றுமில்லை, டூத் பிரஷ்.

பரிசோதனை முடிகிறவரை அந்த வீட்டு மாப்பிள்ளைகள் இருவரும் பல் துலக்கக் கூடாது. மாமனார் இருப்பதையெல்லாம் விற்றுத் தயாரித்த மவுத்வாஷைக் கொப்பளிக்கலாம், அவ்வளவுதான். பல்லில் அழுக்குப் படலம் சேராமல் அது தடுக்கிறது என்று தெரிந்தால், பெரிய கம்பெனி ஒன்று மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் குடும்பமே தெருவில்.

கம்பெனி அனுப்பிய பல் டாக்டரம்மா, ஆளுக்கொரு பாட்டிலைத் தன் கையாலேயே கொடுத்திருந்தார்.

மருந்தை நம்பி வாயை விடுவதா? வியாபாரம் என்றால் தராசை லேசாகச் சுண்டிவிடத்தானே வேண்டும்! ஜெயித்துக் கொடுக்கிற வாய்க்குத்தான் மாமனாரின் நாற்காலி என்பது சின்னவரின் கணக்கு.

கூடத்தில் பெரிய மாப்பிள்ளை கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "ஸ்ஸ்... யப்பா! நெருப்பை வாயில ஊத்தின மாதிரி இருக்கு."

"என்ன சகலை, இதுக்கே இப்படியா? மாமா கைப்பக்குவம், எனக்குத் தேனா இறங்குது" என்றார் சின்னவர்.

"காக்கா பிடிக்கிற வாய்க்கு எல்லாமே தேன்தான்."

மாமனாருக்கு உச்சி குளிர்ந்தது. "காரம் தூக்கலாத்தான் போட்டிருக்கேன். நீங்க தாங்குறீங்களே, அதுதான் மாப்பிள்ளை!"

சோதனை நாளில் கம்பெனி மேனேஜர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா இருவர் பல்லிலும் சிவப்புச் சாயம் தடவினார். அழுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் அது ஒட்டும்.

பெரியவர் பல்லில் அங்கங்கே சில புள்ளிகள். "துலக்காத பல்லுக்கு இது ரொம்ப நல்லாவே இருக்கு" என்றார் டாக்டரம்மா.

சின்னவர் வாய் கொப்பளித்துவிட்டு ஈயென்று காட்டினார். மருந்துக்குக்கூடச் சிவப்பில்லை. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை விட்டு மறுபடி மறுபடி பார்த்தார்.

மாமனார் சின்னவரைக் கட்டிக்கொண்டார். "இனிமே என் நாற்காலி உங்களுக்குத்தான் மாப்பிள்ளை!"

டாக்டரம்மா மெதுவாகக் கையுறையைக் கழற்றினார். "ஒரு விஷயம் உங்க யாருக்கும் சொல்லல. ரெண்டு பாட்டில்ல ஒண்ணுலதான் மருந்து. இன்னொண்ணுல வெறும் கலர் தண்ணி. தண்ணி கொப்பளிச்ச வாயைவிட மருந்து கொப்பளிச்ச வாய் சுத்தமா இருக்கணும். அப்பதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சின்னவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடப்பாவமே! வெறும் தண்ணியைக் கொப்பளிச்சிட்டா நம்ம சகலை நெருப்பு, நெருப்புன்னு குதிச்சாரு?"

மாமனாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை; டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

டாக்டரம்மா சின்னவரிடம் சொன்னார்: "தண்ணி கொப்பளிச்சது நீங்க."