அபாயம் கம்மி

சாயப்பட்டறைக் கழிவு காயும் கிடங்கில் எனக்கு மண் அள்ளும் வேலை. மண் என்று சும்மா சொல்கிறோம், அது நீலமும் கறுப்புமாகக் காய்ந்த சாயச் சேறு. சாயங்காலம் வாசல் குழாயில் குளித்து, வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி மாட்டினால்தான் வெளியே விடுவார்கள். இன்றைக்குப் போனால் குழாயைத் திறக்கும் திருகுப்பிடியைக் காணோம்.

"இனிமே குளிக்க வேண்டாம் பெரியவரே. இது அபாயம் கம்மியான கழிவாம். சர்க்காரு கெடுபிடியைக் குறைச்சிருச்சு," என்றான் சூப்பர்வைசர் சபாபதி.

"நேத்து வரைக்கும் அபாயம். ராத்திரியோட ராத்திரியாத் திருந்திருச்சாக்கும்?"

"எதுக்கெடுத்தாலும் சந்தேகம் உங்களுக்கு. வெள்ளன வீட்டுக்குப் போகக் கசக்குதா?"

அவனோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. நடந்தேன்.

வீட்டு வாசலில் மருமகள் பாவாயி கைக்குழந்தையோடு நின்றாள். நான் வந்ததும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். சேதியைச் சொல்லி, குளிக்க ஒரு குடம் தண்ணீர் கேட்டேன்.

"குடிக்கிற தண்ணிதான் கெடக்கு மாமா. சர்க்காரே சொன்னதுக்கப்புறம் உங்களுக்கு என்ன? புடிங்க."

குழந்தையை நீட்டினாள். என் நகக்கண்ணெல்லாம் நீலம். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துக் குழந்தை சிரித்தது. என் மேல் சாய்ந்து சாய்ந்து எட்டியது. பாவாயிக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"அட, புடிங்க மாமா," என்றபடி பிடியைத் தளர்த்தினாள்.