இடது விளக்கு

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் கப்பலில் வரவழைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுப்பராயனின் பட்டறையில் விட்டுப்போனார். சுவிட்சைப் போட்டால் முகப்பு விளக்குகள் மூடியோடு மேலே எழ வேண்டும். இடது விளக்கு எழவில்லை.

சுப்பராயன் மூடியை நெம்பினார். மோட்டாரில் நீலக்கட்டம் போட்ட கைலித் துண்டு சுற்றியிருந்தது. போன மாதம் கருவடிக்குப்பம் சாலையில் ஏதோ வண்டி மோதிச் செத்த முருகையனின் கைலி அது. பிணத்தைத் தூக்கியபோது அது கிழிந்திருந்ததைச் சுப்பராயன் பார்த்திருந்தார். பென்ஷன்காரர் பெரிய இடம். துணியை அடுப்பில் போட்டுவிட்டு ஒயரை மாற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலை முருகையனின் மனைவி ரஞ்சிதம் மீன்கூடையோடு பட்டறையைக் கடந்தாள். இடது விளக்கு மெல்ல எழுந்தது. பேட்டரி தரையில் கழற்றி வைத்தபடி இருந்தது.

"இன்னாண்ணே, என்னையே பாக்குது?"

"ஒயர் கோளாறும்மா."

அன்றே ஒயர் முழுவதையும் உருவினார். மோட்டாரையும் கழற்றினார். அடுத்த நாள் அவள் வந்ததும் விளக்கு மறுபடி எழுந்தது.

ரஞ்சிதம் கூடையை இறக்கி வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அன்று புருஷனின் கண்களை மூடியது போலவே, விளக்கின் மூடியைத் தடவி மெதுவாக அழுத்தினாள். அது அடங்கியது.

பிறகு சுப்பராயன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீ சொல்லுண்ணே."