இருட்டின் எண்ணிக்கை

கருவியின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பேராசிரியர் பாலசந்திரன் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார்.

"ஆயுதபூஜைக்கு என் ஸ்கூட்டருக்கு வெச்சீங்க, சரி. நுண்ணோக்கிக்கு எதுக்கு கமலம்மா? தூள் உள்ள போயிருக்கும்."

"வெளியதான் சார் வெச்சேன்," என்றார் ஆய்வகத்தைப் பெருக்கும் கமலம்மாள். "உங்களுக்குத்தான் சாமியே ஆகாதே. ஸ்கூட்டர்ல இருந்த பிள்ளையார்கூட உரிஞ்சு போயிட்டார்."

"போகட்டும். வீட்டுக்காரி ஒட்டினது அது."

அந்தக் கருவி ஒளியைத் துகள் துகளாக எண்ணும். ஒளியே இல்லாத இருட்டிலும் தானாகச் சிலவற்றை எண்ணிவிடும். அந்தப் பொய் எண்ணிக்கை நொடிக்கு ஐம்பதுக்குள் அடங்கினால்தான் கருவி மைசூரில் தங்கும். மூன்று மணிக்குப் பெங்களூர்க் குழு சோதிக்க வருகிறது. தவறினால் கருவியோடு மாணவி ஜீவிதாவின் மூன்றாண்டு ஆராய்ச்சியும் வண்டியேறிவிடும்.

மணி இரண்டு. எண்ணிக்கை எண்ணூறு.

"சூடுதான் சார் காரணம்," என்று ஜீவிதா ஓடினாள். கரும்புச்சாறுக் கடையின் ஐஸ் முழுவதும் பக்கெட்டில் வந்து சேர்ந்து, கருவியைச் சுற்றி அமர்ந்தது. கமலம்மாள் அதற்குக் கம்பளி போர்த்தி, மேலே குடையும் விரித்தார்.

"ஆயித்து சார்," என்றார் கன்னடம் கலந்து. "இனி காத்துகூட நுழையாது."

எண்ணிக்கை அறுநூறு.

"உள்ள ஏதாவது இருக்கான்னு பாத்துடலாம் சார்," என்றாள் ஜீவிதா.

"நான் பாக்கறேன்." பாலசந்திரன் தம் சாவியால் கருவியின் இருட்டுப் பெட்டியைத் திறந்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் தலையை நுழைத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல," என்று மூடினார்.

எண்ணிக்கை ஆயிரத்து நூறு.

ஜீவிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மூடி வெச்சா இறங்குது, திறந்தா ஏறுது. உள்ள ஏதோ வெளிச்சத்தக் குடிச்சிட்டுக் கக்குது சார்."

கருவியை நிறுத்தி, அறை விளக்கையும் அணைத்தாள். "வேண்டாம்மா" என்று பேராசிரியர் சொல்வதற்குள், பூட்டிலேயே தொங்கிய சாவியைத் திருப்பினாள்.

கண்ணாடித் தட்டுக்கு அடியில், கட்டைவிரல் அளவு ரேடியம் பிள்ளையார் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தார்.

அவரை வெளியே எடுத்து, பெட்டியை மூடிக் கருவியை ஓடவிட்டதும் எண்ணிக்கை சரசரவென்று இறங்கி, முப்பத்தெட்டில் நின்றது. ஜீவிதா கமலம்மாளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகுதான் முறைத்தாள்.

"ஏன் கமலம்மா இப்படிப் பண்ணீங்க?"

"பெட்டிச் சாவி என்கிட்ட ஏதும்மா?"

இருவரும் திரும்பினார்கள். பாலசந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குன்னுதாம்மா வெச்சேன்."