டியூபே போதும்

“டியூபே போதும்பா.”

ஜெனிட்டா இதைச் சொன்ன வேகத்தில் ஏசுபாதத்துக்குச் சுருக்கென்றது. பிளஸ் டூ படிக்கிற பெண், ஒரு டயருக்காக அப்பனிடம் இப்படி மல்லுக்கு நிற்பாளா? அவருடைய சந்தேகம் இன்னும் ஒரு பிடி கூடியது.

மாமல்லபுரம் போகும் சாலையோரம் இருந்தது தாமோதரனின் சைக்கிள் கடை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஹெல்மெட்டும் தண்ணீர் பாட்டிலுமாக மிதித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளை ஷேர் ஆட்டோவில் கட்டி எடுத்து வந்து, இதற்கு டியூப்லெஸ் போடு என்று கேட்ட முதல் ஆள் ஏசுபாதம்தான்.

“இந்த ரிம்முக்கு டியூப்லெஸ் நிக்காது, அண்ணாத்த. பின்னாடி வீலையே மாத்தணும், செலவு இழுக்கும்” என்றார் தாமோதரன். “டியூப்னா சல்லிசு. பஞ்சரானா ரோட்டோரம் எவன் வேணா ஒட்டிக் குடுப்பான்.”

“பஞ்சரே ஆவக் கூடாது. அதான் எனக்கு வோணும்.”

“அப்போ டியூப்லெஸ்தான். உள்ள பால் மாரி ஒரு மருந்து ஊத்துவோம். எது குத்துனாலும் அதுவே அடைச்சிக்கும், காத்து எறங்காது.”

“அதையே போடு.”

“வேணாம்பா!” மறுபடியும் ஜெனிட்டா.

ஏசுபாதத்துக்கு மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. விடியும் முன்னே காலனி முனையில் கம்பெனி பஸ் ஏறினால், இருட்டிய பிறகு அதே முனையில் வந்து இறங்குவார். ஊருக்குள் கால் வைத்தே வருஷக்கணக்கு ஆகிறது. மகள் எப்படிப் போகிறாள், எப்படி வருகிறாள் என்பதெல்லாம் அடுத்தவர் சொன்னால்தான் உண்டு.

அடுத்தவர் சொல்லியும் விட்டார். வேறு ஊரிலிருந்து வேலைக்கு வரும் ஆபிரகாம், முந்தாநாள் பஸ்ஸில் காதோரம் குனிந்தார்.

“தப்பா எடுத்துக்காத. போன வாரம் லீவுல இருந்தேன்ல, உங்க ஊர்ப் பக்கம் போனேன். உம் பொண்ணு பெரிய தெருவுல சைக்கிள தள்ளிக்கினு வருது. ஒரு பையன் பைக்க மெல்ல உருட்டிக்கினு பக்கத்துலயே வரான். மறுநாளும் பாத்தேன், அதே பையன்.”

அன்று ஏசுபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சர், பஞ்சர் என்று மகள் தினம் நேரம் கழித்து வருவதாக வீட்டில் சொன்னதன் அர்த்தம் அவருக்கு அப்போதுதான் புரிந்தது. காற்றே இறங்காத டயரைப் போட்டுவிட்டால் என்ன சாக்குச் சொல்வாள், பார்த்துவிடலாம் என்றுதான் வார லீவில் அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தார்.

தாமோதரன் பின் சக்கரத்தைக் கழற்றி டியூபை உருவினார். ஒட்டுக்கு மேல் ஒட்டு. “இன்னா இது, எல்லா ஓட்டையும் சைடுல கீது? ரோட்டுல கெடக்கற முள்ளு அடியிலதானே குத்தும்?”

ஏசுபாதம் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீயே ஊக்கால குத்திக்கினியா? அவங்கூட நடக்கறதுக்கு?”

காற்றடிக்க வந்த யாரோ ஒருவர் அடிக்கிறதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஏசுபாதத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆத்திரமும் அவமானமும் சேர்ந்து வந்துவிட்டால், கடை என்ன, தெரு என்ன?

“கேட்டுக்க. டியூப்லெஸ் போடறேன். அதுக்கப்புறமும் நீ தள்ளிக்கினு வந்தன்னு எவனாவது சொன்னான், பள்ளிக்கூடமே கெடையாது. பரீட்சையும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். எவன் தலையிலயாவது கட்டிட்டு நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்.”

ஜெனிட்டா நிமிர்ந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பித்து மாதிரி. அதற்குப் பரீட்சை வரைக்குமாவது எப்படியாவது போய் வந்துவிட வேண்டும்.

“அதுக்குத்தாம்பா சொல்றேன். டியூபே போடு. நான் பரீட்சை எழுதணும்.”

ஏசுபாதம் கையை ஓங்கிவிட்டார். “யாருடி அவன்? பேரச் சொல்லு!”

“பேரு தெரியாதுப்பா!” அவளுக்கு அழுகை வெடித்தது. “பெரிய தெருவுல காலனிக்காரங்க சைக்கிள்ல ஏறிப் போவக் கூடாதாம். எறங்குன்னாங்க. நான் எறங்கல. அதான் மறிச்சி, டயர ஊசியால குத்தறாங்க. அவன் எங்கூட வரலப்பா. தெரு தாண்டற வரைக்கும் நான் ஏறாம பாத்துக்கினு வரான்.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அதெல்லாம் தன் அப்பா காலத்தோடு ஒழிந்தது என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவருக்கு அப்படி நம்புவது சுலபமாகத்தான் இருந்தது.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ கேக்கப் போவ. உன்னை அடிப்பாங்க.”

தாமோதரன் சக்கரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஏசுபாதம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீம்பு விடவில்லை.

“போடு அண்ணாத்த, டியூப்லெஸ்ஸே போடு. எம்மாம் செலவானாலும் சரி. குத்திக் குத்தி அவனுங்க கை ஓயட்டும்.”

ஜெனிட்டா அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்பா. இப்ப டயரோட விட்டுடறாங்க.”