முந்திப் போனவள்

மூன்றாவது வீட்டிலும் விமலேஸ்வரி முந்திவிட்டாள்.

"நேற்றுப் பின்னேரம் ஒரு பிள்ளை வந்து அறை கேட்டவா. விமலேஸ்வரியாம். உம்மைப் பற்றியும் சொன்னவா," என்றார் வீட்டுக்காரர் மயில்வாகனம்.

கமலாட்சியை ஒருதரம் பார்த்தார். வாசல் படலையடியில் நின்ற அவளுடைய அப்பா பழனியாண்டியை ஒருதரம் பார்த்தார். பிறகு, அறை கொடுக்கிற யோசனை இப்போது இல்லை என்றார்.

முதல் இரண்டு வீட்டிலும் இதே கதைதான்.

அவருடைய முதுகுக்குப் பின்னால் அந்த அறை திறந்தே கிடந்தது. ஜன்னலோரம் ஒரு மேசை. வெளியே, தென்னைகளுக்கு நடுவே முல்லைத்தீவுக் கடல். அவர் வாய் திறப்பதற்குள் கமலாட்சி அந்த மேசையில் தன் புத்தகங்களை மனதுக்குள் அடுக்கிவிட்டிருந்தாள். இரசாயனவியல் இந்தப் பக்கம், தாவரவியல் அந்தப் பக்கம்.

விசுவமடுவில் அவர்களுக்கு வீடு என்பதே ஒரு அறைதான். ஒரு குப்பி விளக்கு, சுற்றி ஆறு பேர். எழுபத்தேழுக் கலவரத்தில் மாத்தளைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து ஐந்து வருஷமாகிறது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஏ.எல். உயர்தரம் படிக்க முல்லைத்தீவுக்கு வந்த முதல் பிள்ளை அவள். விசுவமடு பஸ் வந்து சேரும்போது தினமும் முதல் பாடம் முடிந்திருக்கும். இப்படியே போனால் சோதனை எடுக்க ஏலாது என்று வகுப்பாசிரியர் தில்லைநாதன் சொல்லிவிட்டார்.

அவர்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட அறை கிடைக்கக்கூடிய நாலு வீடுகளின் விலாசத்தை எழுதிக் கொடுத்தவர். வகுப்பில் அறை தேவைப்பட்டது இரண்டு பேருக்கு. ஒருத்தி கமலாட்சி. மற்றவள் விமலேஸ்வரி.

விமலேஸ்வரிக்கு ஊர் ஸ்கந்தபுரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே சொந்த வயல் செய்கிற குடும்பம். இப்போதைக்குத் தண்ணீரூற்றில் பெரியம்மா வீட்டில் நெருக்கத்தில் இருக்கிறாள். வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருப்பவள். கமலாட்சியோடு நின்று நாலு வார்த்தை கதைத்ததில்லை.

என்ன சொல்லியிருப்பாள்? தோட்டக்காட்டுப் பிள்ளை ஒன்று வரும், வீட்டில் சேர்க்க வேண்டாம் என்றிருப்பாள். வேறென்ன இருக்கிறது சொல்ல? தனக்கு வேண்டியது ஒரு அறை. அதற்கு மூன்று வீட்டையும் அடைக்க வேண்டுமா?

படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்ததும் பழனியாண்டி நின்றார்.

"போதும்மா. ஒங்கம்மா தனியாத்தான் வெங்காயத்துல நிக்கிறா. படிச்ச வரைக்கும் போதும். மூணு மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்."

அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். களைத்துப்போய்ச் சொன்னார். அவள் விலாசத் தாளை மறுபடி விரித்தாள்.

"இன்னும் ஒரு வீடு இருக்குப்பா."

நாலாவது வீடு சிவனேஸ்வரியுடையது. ஆஸ்பத்திரியில் தாதி. ஊரே அவரை மிஸி என்றுதான் கூப்பிடும். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். படலையடியிலேயே நின்றுவிட்ட பழனியாண்டியையும் உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். எந்த ஊர் என்று கேட்டார். விசுவமடு என்றாள். மற்ற வீடுகளில் கேட்டதுபோல, அதற்கு முதல் எங்கே என்று கேட்கவில்லை.

அறையைக் காட்டினார். சின்ன ஜன்னல். கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. ஆனால் மேசை இரண்டு இருந்தது. ஒன்றின் விளிம்பைக் கமலாட்சி தடவிப் பார்த்தாள்.

"இன்னொரு பிள்ளையோடை சேர்ந்துதான் இருக்கவேணும். சம்மதமோ?"

"ஓம் மிஸி. ஆரெண்டாலும் பரவாயில்லை."

"உம்மடை வகுப்புப் பிள்ளைதான். விமலேஸ்வரி."

கமலாட்சி மேசையிலிருந்து கையை எடுத்தாள்.

இதை விட்டால் மூன்று மணி பஸ்தான், பிறகு வெங்காயத் தோட்டம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்:

"அவாவெண்டால் எனக்கு வேண்டாம் மிஸி."

பழனியாண்டி பதறி எழுந்தார். அவள் நிறுத்தவில்லை. மூன்று வீட்டுக் கதையையும் சொன்னாள். தனக்கு முதலே போய், தன்னைப் பற்றிச் சொல்லி, ஒவ்வொரு கதவாக அடைத்தவளோடு ஒரு அறையில் எப்படி இருப்பது என்று கேட்டாள்.

சிவனேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவா மூண்டு வீட்டிலையும் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அறை கேட்டவா, பிள்ளை. வீட்டுக்காரர் எல்லாரும், நீர் மட்டும் வாரும், மற்றப் பிள்ளை வேண்டாம் எண்டிச்சினமாம். அந்தப் பிள்ளை இல்லாட்டி எனக்கும் வேண்டாம் எண்டு எழும்பி வந்திட்டா. இஞ்சையும் வந்து முதல் அதைத்தான் சொன்னவா. நான் ஓமெண்டிட்டன். திங்கக்கிழமை பெட்டியோடை வாறா."

பழனியாண்டி மறுபடி கதிரையில் உட்கார்ந்தார். கமலாட்சிக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

"அப்ப ஏன் மிஸி, என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டனான். அவை உம்மை ஏன் வேண்டாமெண்டவை எண்டதை, உம்மடை முகத்தைப் பார்த்துத் தன்ரை வாயாலை சொல்ல ஏலாதாம்."