மூன்றாவது சிலிண்டர்

முதல் பிளக் வயரைக் கழற்றினேன். எஞ்சின் தடுமாறியது. மாட்டினேன்.

இரண்டாவதைக் கழற்றினேன். தடுமாறியது. மாட்டினேன்.

மூன்றாவதைக் கழற்றினேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நான்காவதையும் பார்த்தேன். தேவையில்லைதான். ஆனால் வரிசையை விட்டால் எனக்குக் கை ஓடாது.

ஒரு வயரை எடுத்ததும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. மெக்கானிக் மாலை வகுப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தது.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் போய் நாலு மாதமாக வேன் வாசலிலேயே நின்றது. அடுத்த வாரத்திலிருந்து அவருடைய சலவைக் கடைக்கு அக்காவே வேன் ஓட்டப் போகிறாள். அதற்குள் இந்த எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வதா, வேறு எஞ்சின் வைப்பதா என்று முடிவாக வேண்டும்.

"மாத்திடு. பிரிச்சுப் பாத்து என்ன ஆகப் போகுது?" என்றாள். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாற்றினால் பழைய எஞ்சின் இரும்புக் கடைக்குப் போய்விடும். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அன்று விடியற்காலையில் அத்தானுக்கு நெஞ்சு வலி. அக்காதான் ஓட்டினாள். பாலத்து ஏற்றத்தில் வேன் உதறி நின்றது. எஞ்சின் ஆறும்வரை மறுபடி கிளம்பவில்லை. வேறு வண்டி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் ஓட்டக் கற்று இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "பாழாப் போன கிளட்ச்சை நான்தான் வெடுக்குனு விட்டுட்டேன்" என்று துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஐந்து நாள் முன்புதான் வண்டி உதறுகிறது என்று அத்தான் என்னிடம் காட்டினார். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க வகுப்பிலிருந்து ஒரு கேஜ் வாங்கி வந்தேன். அவர் சாவியைத் திருக, நான் முள்ளைப் பார்த்தேன்.

"என்ன டாக்டரம்மா, மாத்திரையா, ஆபரேஷனா?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

மற்ற மூன்றிலும் நூற்றைம்பது, இருக்க வேண்டிய அளவு. மூன்றாவதில் நாற்பது. நோட்டில் எழுதினேன்.

மறுபடி அளந்தேன். மறுபடியும் நாற்பது.

முந்தின வாரம்தான் கேஜைச் சரியாகத் திருகாமல் குறைவாக அளந்து, வகுப்பே சிரிக்க நின்றிருந்தேன். இந்த இரண்டு முறையும் என் கைதான் தவறியிருக்கும் என்று முடிவு செய்தேன். நாற்பதை ரப்பரால் அழித்துவிட்டு நூற்றைம்பது என்று எழுதினேன்.

நான்கு பிளக்கையும் புதிதாக மாற்றிவிட்டு, மாத்திரை போதும் என்றேன். அத்தான் எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

இப்போது துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கதவுப் பக்கம் போனேன்.

"மாத்த வேணாம்க்கா, பிரிக்கணும். மூணாவதுல வால்வு எரிஞ்சிருக்கும், நீயே பாரு. கிளட்ச் இல்லக்கா. நான்தான்."

நாற்பதைச் சொன்னேன். நூற்றைம்பதையும் சொன்னேன்.

அக்கா எஞ்சினை அணைத்தாள். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்டி. நீ கை கழுவப் போனப்ப நோட்டுல அழிச்சிருந்ததை அவரு பாத்துட்டாரு. சின்னவ மொதல் தடவையாத் தனியாப் பாத்திருக்கா, மொகம் வாடிடும், அடுத்த வாரம் நானே ஒர்க்‌ஷாப்புல காட்டிக்கறேன், நீ வாயைத் தொறக்காதேன்னாரு."

கையிலிருந்த துணியை நான்காக மடித்தேன்.

"அதுக்குத்தான் மாத்திடலாம்னேன். இனிமே என்ன, பிரி."

கதவைத் திறந்து இறங்கினாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள்.

"பாலத்துல நின்னப்பவும் அதையேதான் சொன்னாரு. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதேன்னு."

அத்தான் கடைசியாக என்ன பேசினார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் பேசவில்லை என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள்.